ஆளில்லாத் தோட்டத்துக்கு டிங்கிக் காய்ச்சல்

கிளென்டன் தோட்டத்தில் மனிதர்கள் யாரும் இல்லை. பதினேழு வருஷமாக இல்லை. தொழிலாளர் லயங்களை இடித்து, கோயிலை நகர்த்தி, எண்ணெய்ச் செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு, நிலத்தை வாங்கிய கம்பெனி அங்கே ஒரு விளம்பரப் பலகையை நட்டுவிட்டுப் போனது. 'விரைவில் எழுகிறது' என்று அதில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். எழுந்தது லாலாங் புல் மட்டும்தான், ஆள் உயரத்துக்கு. அப்பேர்ப்பட்ட இடத்தில் இந்த வருஷம் பன்னிரண்டு பேருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. அதில் ஒருத்தி இறந்தும் போனாள்.

அந்தப் பன்னிரண்டு பேரும் எங்கள் ஆட்கள். ஆனால் நாங்கள் இருப்பது அங்கிருந்து ஆறு கட்டை, அதாவது ஆறு மைல் தள்ளி, புக்கிட் ரோத்தான் பக்கம், பலகை வீடுகளில். ஒரே கூரை, நாற்பது கதவு, பின்னால் ஒரு கால்வாய். 'ரெண்டே வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், குடும்பத்துக்கொரு கல்வீடு கட்டித் தருகிறோம்' என்று சொல்லி லோரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு வருஷத்துக்கு எதற்குப் பெயர் என்று இந்த இடத்துக்குப் பெயரே வைக்கவில்லை. கடிதத்தில் 'தற்காலிகக் குடியிருப்பு' என்று இருக்கும். நாங்கள் தற்காலிகம் என்போம். தற்காலிகத்தில் பிறந்த பிள்ளைகள் இந்த வருஷம் எஸ்பிஎம் பள்ளியிறுதிப் பரீட்சை எழுதுகிறார்கள்.

சிக்கல் எங்கள் ஐசியில் இருந்தது. நாற்பது கதவுக்காரர்களின் அடையாள அட்டையிலும் முகவரி இன்னும் கிளென்டன் தோட்டம்தான். மறதியால் அல்ல. வீடு கொடுக்கும் பட்டியல் பற்றிப் பேச வந்த கம்பெனி ஆள், 'பழைய முகவரியில் பதிவில் இருப்பவர்களுக்கே வீடு' என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த முகவரியைத் தாலியைப் போலக் காத்து வருகிறோம். ஆஸ்பத்திரியில் ஐசியை நீட்டினால் கணினி கிளென்டன் தோட்டத்தை எழுதிக்கொள்கிறது. 'இப்போ இருக்கிற இடம் வேற' என்று சொன்னால் மின்சார பில் கேட்கிறார்கள். நாற்பது கதவுக்கும் ஒரே பில், அதுவும் கம்பெனி பெயரில்.

ஆக, எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் கொசுவுக்குப் புகையடிக்கும் வண்டி ஆறு கட்டை தள்ளிப் போய்ப் புல்லுக்கு அடித்தது. முதல் தடவை ஒரு மணி நேரம் அடித்தார்களாம். காட்டுப்பன்றி ஒன்று இருமிக்கொண்டே ஓடியதைப் பார்த்ததாக எங்கள் வரிசைச் செல்லன் சொன்னார். செல்லன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். இருந்தாலும் அந்தப் பன்றிக்கு டிங்கி வரவில்லை என்பது நிச்சயம்.

எனக்கு அடுத்த கதவு பதினேழு, குமரவேலுடையது. செம்பனைக் காய் வெட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அவர் மகள் லோகேஸ்வரிக்கு ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்குக் கெர்லிங்கிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். மருமகன் சிங்கப்பூரில் வேலை. கெர்லிங்கில் அவர்கள் இருந்த வாடகை அறையையும் காலி செய்தாயிற்று. திரும்பிப் போக அவளுக்கு இடமில்லை. அவள் வந்த வாரம் முப்பத்தோராம் கதவில் காய்ச்சல். அடுத்த வாரம் இருபத்தெட்டு. அதற்கடுத்து இருபத்துநாலு. காய்ச்சல் வரிசையாகக் கதவெண் பார்த்து வருவதைக் குமரவேல் கவனித்தார்.

"பிள்ளத்தாச்சிக்கு வந்தா ரெண்டு உசிருக்கும் ஆபத்துன்னு நர்ஸ் சொல்லிட்டாங்கண்ணே," என்றார் என்னிடம். அன்றே மகளைக் கொசுவலைக்குள் உட்கார வைத்தார். அந்தப் பெண் வலைக்குள்ளேயே சாப்பிட்டாள், வலைக்குள்ளேயே புருஷனோடு போனில் பேசினாள். குமரவேலின் மனைவி வேலம்மா வலைக்கு வெளியே உட்கார்ந்து கை நுழைத்து மகளுக்குத் தலைவாரிவிடுவாள்.

நாங்கள் சும்மா இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் டிரம்களைக் கவிழ்த்தோம், டயர்களைக் கொளுத்தினோம், கால்வாயை எங்கள் எல்லை வரை வழித்தோம். அதற்கு அப்பால் கம்பெனியின் வேலி. வேலிக்குள் தண்ணீர் குளமாக நிற்கிறது. உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் என்று பலகை இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பிறக்கும் கொசுவுக்குப் பலகை படிக்கத் தெரியாது. நாங்களே ஆள் வைத்துப் புகையடிக்கலாமா என்று கேட்டதற்கு, அனுமதியில்லாமல் அடித்தால் அபராதம் என்றார்கள்.

குமரவேல் ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டுக் கோலசிலாங்கூருக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். கடைவீட்டு மாடியில் 'மக்கள் பங்கேற்பு நலச் செயலகம்'. குளிரூட்டி பலமாக வேலை செய்தது. ஒருங்கிணைப்பாளர் பிரமிளா நல்ல பெண். எங்களை உட்காரச் சொல்லி குடிக்க மைலோ கலந்து கொடுத்தாள். பிறகு கைக்கணினியில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கிளென்டன் தோட்டத்தின் மேல் பெரிய சிவப்பு வட்டம். எங்கள் இடம் பச்சை.

"பாருங்க அங்கிள், உங்க ஏரியா எவ்ளோ கிளீன். இந்த டிஸ்ட்ரிக்லயே இப்படி ஒரு பச்சை கிடையாது," என்றாள் மகிழ்ச்சியாக.

"மேடம், காய்ச்ச வர்றது பச்சையில. புகை அடிக்கிறது சிவப்புல. அங்க ஆளே இல்ல மேடம், புல்லுதான் இருக்கு."

"ஆள் இல்லாமலா ஒன்பது கேஸ் வரும்?" என்று கேட்டாள். கேலியாக அல்ல, உண்மையாகவே கேட்டாள். "சிஸ்டம் ஐசி அட்ரஸத்தான் எடுக்கும் அங்கிள். நான் கை வைக்க முடியாதுலா. ஆனா ஒன்னு பண்ணலாம். சிவப்பு ஏரியாவுல மக்கள் பங்கேற்பு ரொம்பக் கம்மி. நீங்க அந்த அட்ரஸ்தானே? ஒரு கமிட்டி போடுங்க. கமிட்டி இருந்தா எல்லாம் தன்னால வரும்."

எல்லாம் என்பதில் புகையடிக்கும் வண்டியும் சேர்த்தி என்று குமரவேல் எண்ணிக்கொண்டார். பாவம், முங்கிப் போகிறவனுக்குத் துரும்பும் தோணிதான். கமிட்டி போட்டோம். கிளென்டன் தோட்ட நலக் கமிட்டி. தலைவர் செல்லன், செயலாளர் குமரவேல். எனக்கு வயதாகிவிட்டதால் ஆலோசகர்.

கமிட்டிக்கு வந்த முதல் வேலை, வாரம் நாற்பது வீட்டைத் தட்டி, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து ஃபாரம் நிரப்புவது. தற்காலிகத்து வீடுகளைத் தட்டலாமா என்று கேட்டோம். அது வேறு வட்டாரம், அதற்கு வேறு கமிட்டி வேண்டும், பச்சையில் கமிட்டிக்கு ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது. கதவைத் தட்டுவதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், படத்தில் கிளென்டன் பின்னணி தெரிய வேண்டும் என்பதும் விதி. ஆகவே செல்லனும் குமரவேலும் சனிக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளில் போய், லாலாங் புல்லுக்குள் பழைய லயம் எங்கே இருந்தது என்று குத்துமதிப்பாக நின்று, காற்றில் தட்டினார்கள். நாற்பது ஃபாரத்திலும் 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதினார்கள். பொய் ஒன்றும் இல்லையே.

நாலாவது வாரம் செயலகத்திலிருந்து கடிதம். நூற்றறுபது வருகையிலும் ஒருவர்கூடக் கதவைத் திறக்காதது குறித்து மேலிடம் ஆழ்ந்த வேதனை அடைந்திருக்கிறது. கிளென்டன் மக்களின் அலட்சிய மனப்பான்மையை மாற்ற மாபெரும் விழிப்புணர்வு விழா நடத்தப்படும். இயக்குநர் நேரில் வருவார்.

அந்தக் கடிதம் வந்த அன்றுதான் தாயம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருபத்தோராம் கதவு. காலையில் புட்டுமாயம், இடியாப்பம்தான், அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவள். மூன்றாம் நாள் போய்விட்டாள். அவள் சாவும் கிளென்டன் தோட்டத்தில்தான் பதிவானது. மறுநாள் வண்டி போய்ப் புல்லுக்கு இரண்டு மடங்கு புகை அடித்தது. நாங்கள் இங்கே பாடை கட்டிக்கொண்டிருந்தோம், கொசுவை அடித்தபடி.

விழாவுக்கு எங்களை பஸ் வைத்து ஏற்றிப் போனார்கள். புல்லில் ஒரு திட்டு வெட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு சிவப்புச் சட்டை கொடுத்தார்கள். 'நான் மாறுவேன்' என்று நெஞ்சில் எழுதியிருந்தது. பாட்டுப் போட்டு ஒரு பெண் மேடையில் குதிக்க, நாங்களும் குதித்தோம். ஐந்து நாளுக்கு முன் தாயம்மாவுக்குக் கொள்ளி வைத்த அவள் தம்பியும் குதித்தார். குதிக்காதவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது.

இயக்குநர் கணேஸ்வரன் நல்ல உயரம், நல்ல குரல். கிளென்டன் மக்களைப் பார்த்து வெகு வருத்தத்தோடு பேசினார்.

"அன்பார்ந்த மக்களே! மக்கள் பங்கேற்பு என்றால் என்ன? நாங்கள் திட்டமிடுவோம், நீங்கள் பங்கேற்பீர்கள். இவ்வளவு எளிமையான காரியத்தை உங்களால் ஏன் செய்ய முடியவில்லை? நான் காரைவிட்டு இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு வீடுகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை! அந்த அளவுக்குப் புதர்! வீட்டையே மறைக்கும்படி புல்லை வளர விட்டிருக்கிறீர்களே, உங்களுக்கு உங்கள் பிள்ளைகள் மேல் அன்பில்லையா? சாலை வசதி இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. இப்படியா ஒரு சமுதாயம் வாழ்வது? நான் கேட்கிறேன், அரசாங்கம் எத்தனை தடவைதான் வந்து புகையடிக்கும்? இதுவரை பதினான்கு தடவை அடித்திருக்கிறோம். வேறு எந்த இடத்துக்கும் இவ்வளவு செய்ததில்லை. எங்கள் பக்கத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள், அடுத்த ஆண்டு அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம்."

குமரவேல் கையைத் தூக்கினார். என் வாழ்நாளில் அவர் கூட்டத்தில் கை தூக்கி அன்றுதான் பார்த்தேன். "சார், நாங்க இங்க இல்ல சார்," என்றார்.

"அதுதான் பிரச்சினை!" என்றார் இயக்குநர், மேசையைத் தட்டி. "உடம்பு இங்கே இருக்கிறது, மனது இங்கே இல்லை!" கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம்.

பிறகு பத்து நிமிஷம் இடைவேளை. பிரமிளா ஓடிவந்து எல்லோருக்கும் பச்சைச் சட்டை கொடுத்தாள். அவசரமாக மாற்றிக்கொள்ளச் சொன்னாள். விழாவின் இரண்டாம் பகுதி, வட்டாரத்திலேயே ஒரு டிங்கிகூட இல்லாத முன்மாதிரிக் குடியிருப்புக்குப் பரிசளிப்பு. பரிசு பெற்றது தற்காலிகம். ஏறக்குறைய அதே நாற்பது பேர் அதே மேடையில் ஏறினோம். இயக்குநர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"இதோ பாருங்கள்!" என்று ஒலிவாங்கியில் முழங்கினார். "இவர்களும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். இவர்களும் ஏழைகள்தான். இவர்களால் முடிந்தது கிளென்டன் மக்களால் ஏன் முடியவில்லை?" கிளென்டன் மக்களைத் தேடி அவர் கீழே பார்த்தார். நாற்காலிகள் காலியாக இருந்தன. "பாருங்கள், பாராட்டுகிற மனதுகூட இல்லை, எழுந்து போய்விட்டார்கள்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பினால் பக்கத்தில் குமரவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தால் பத்தொன்பதாம் கதவில் அமராவதிக்குக் காய்ச்சல். குமரவேலுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு.

மறுநாள் காலையிலேயே குமரவேல் பதிவிலாகாவுக்குப் போய் ஐசியில் முகவரியை மாற்றிவிட்டு வந்தார். அங்கே பில்கூடக் கேட்கவில்லையாம், கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். எட்டாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கிளென்டன் முகவரியில் இல்லாததால் வீட்டுப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. பதினேழு வருஷமாக எங்கள் கடிதம் எதற்கும் பதில் போடாத கம்பெனி, எட்டே நாளில்.

வேலம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தற்காலிகமே அவர் வாசலில் கூடி ஏசியது. "மூனு ரூம் வீட்ட எவனாச்சும் தூக்கிப் போடுவானாய்யா? கிறுக்கனா நீ?" என்று செல்லன் கத்தினார். குமரவேல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "நாலஞ்சு பேராச்சும் மாத்துங்க. அப்பத்தான் நம்மளக் கணக்குல எடுப்பாங்க." யாரும் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை. மூன்று அறை வீடு ஐயா. என் வயதில் அதை விட்டால் வேறு என்ன இருக்கிறது? வேலம்மாகூட, 'என் பேருல உள்ளதாவது இருக்கட்டும்' என்று மறுத்துவிட்டாள். அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

புது ஐசியை எடுத்துக்கொண்டு குமரவேல் மறுபடி செயலகத்துக்குப் போனார். நானும் போனேன், குற்ற உணர்ச்சியில்.

"ஐயோ, ரொம்ப நல்ல காரியம் அங்கிள்!" என்றாள் பிரமிளா. "இப்ப நீங்க அஃபிஷியலா பச்சை."

"அப்ப வண்டி வருமா மேடம்?"

"கேஸ் இருந்தா கண்டிப்பா வரும். ஆனா தற்காலிகத்துல கேஸ் சீரோ இருக்கே. ஒரு கேஸ் வரட்டும், இருபத்துநாலு மணி நேரத்துல வண்டி உங்க வாசல்ல நிக்கும். அது நம்ம எஸ்ஓபி ரூல். சுத்தி இருநூறு மீட்டர் அடிச்சே ஆகணும்."

"பக்கத்துல அமராவதிக்கு வந்திருக்கே."

"அவங்க ஐசி கிளென்டன் அங்கிள்."

குமரவேல் திரைப் பக்கம் குனிந்தார். "என் மவளுக்கு வந்துச்சுன்னா?"

பிரமிளா தட்டிப் பார்த்தாள். "அவங்க கல்யாணத்துக்கு அப்புறம் மாத்தியிருக்காங்க. வண்டி கெர்லிங் போகும்."

"அப்ப எங்க வரிசையில யாருக்கு வரணும்?"

"இந்த அட்ரஸ்ல ஐசி இருக்கிற யாருக்காச்சும்," என்றாள். சொல்லிவிட்டு அவளே திரையைப் பார்த்தாள். அந்த முகவரியில் இருந்தது ஒரே பெயர். அவள் முகம் வாடிவிட்டது. "அங்கிள், நான் அப்படி மீன் பண்ணல," என்றாள். குமரவேல் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். எங்கே போனாலும் நன்றி சொல்லாமல் வர மாட்டார்.

மறுநாள் அந்தி சாயும் நேரத்தில் நான் பின்பக்கம் போனபோது, குமரவேல் சட்டையில்லாமல் அரைக்கால் சிலுவார் மட்டும் போட்டுக்கொண்டு அமராவதி வீட்டுப் பின்வாசல் ஓரம், கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்திருந்தார். தோளில் இரண்டு கொசு. அவர் அடிக்கவில்லை. எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எந்திரிய்யா. பைத்தியக்காரத்தனம் பண்ணாத."

"காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்தாண்ணே இது கடிக்கும். பகல்ல வேலைக்குப் போய்க்கலாம்," என்றார். ஓவர்டைம் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"செத்துப் போயிருவ. தாயம்மாவப் பாத்தல்ல?"

"எல்லாருமா செத்தாங்க? பதினோரு பேருல ஒருத்திதானே." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீங்களும் ஐசிய மாத்தியிருந்தா மொற போட்டு உக்காரலாம்ணே."

அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். வேலம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டாளோ. அவள் அலறுவாள், இழுத்துக்கொண்டு போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வலைக்குள் இருக்கும் மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். உள்ளே போனாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து புருஷனுக்குப் பக்கத்தில் போட்டாள். "கீழ உக்காந்தா முட்டி வலிக்கும்," என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு போய்விட்டாள். நானும் என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒன்பது நாள் உட்கார்ந்தார். காய் வெட்டப் போவார், வருவார், குளிக்காமல் உட்காருவார். குளித்தால் கொசு அண்டாதாம். பத்தாம் நாள் பதினெட்டாம் கதவுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது, ஐசி கிளென்டன். குமரவேல் அன்று நாற்காலியைத் தூக்கி உதைத்தார். நல்லவனைக் கொசுகூட ஏமாற்றுகிறது என்று நானே சபித்தேன்.

பதினான்காம் நாள் விடியற்காலை என் கதவைத் தட்டினார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, கண் சிவந்திருந்தது, பல் தந்தியடித்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. "வந்துருச்சுண்ணே," என்றார். "வண்டி எடுங்க."

ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் அவரே ஐசியை நீட்டினார். "அட்ரஸ் சரியா இருக்கான்னு பாத்துக்கம்மா," என்று இரண்டு தடவை சொன்னார். அந்தப் பெண், "ஐயா, முதல்ல படுங்க," என்றாள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு அன்றே வார்டில் சேர்த்தார்கள். வேலம்மா கூட இருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரமிளா சொன்னது போலவே வண்டி வந்தது. பதினேழு வருஷத்தில் தற்காலிகத்துக்குள் நுழைந்த முதல் புகையடிக்கும் வண்டி. கூடவே இன்னொரு வண்டி. அதில் வந்த இருவர் வாசலில் பரிசாகக் கட்டிக்கொடுத்திருந்த முன்மாதிரிக் குடியிருப்பு வளைவைப் பிரித்து ஏற்றினார்கள். ஒரு கேஸ் வந்துவிட்டதால் பரிசு ரத்து. சமூகப் பிரதிநிதி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், நான் போட்டேன். லோகேஸ்வரியை மூக்கைத் துணியால் கட்டி, காரில் ஏற்றி, புகை அடங்கும்வரை இருக்கப் புக்கிட் ரோத்தானுக்கு அனுப்பிவைத்தோம். வேலிக்குள்ளும் அடித்தார்கள். எஸ்ஓபிக்கு வேலி கிடையாதாம்.

புகை முதல் கதவைத் தாண்டும்போது என் போன் அடித்தது. குமரவேல். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. பிளேட்லெட் காலையில் முப்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டதாக வேலம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

"வந்துச்சாண்ணே?"

"வந்துருச்சுப்பா. அடிக்கிறாங்க. சத்தம் கேக்குதா?"

போனைப் புகைக்கு நேராக நீட்டிப் பிடித்தேன். இயந்திரம் காது கிழியக் கத்தியது. மறுபடி காதில் வைத்தபோது மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"குமரவேலு? இருக்கியா?"

"இருக்கேன். எத்தனாவது கதவு?"

"நாலு."

"வைக்காதீங்கண்ணே. பதினேழு வரட்டும்."

நான் பதினேழாம் கதவு முன்னால் போய், போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். புகை ஒவ்வொரு கதவாக வந்துகொண்டிருந்தது.